செவ்வால் விமானங்களும் ஒரு பூஜ்ஜியமும்

அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பினப் போர் விமானிகளான டஸ்கீகி விமானிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு செய்தி தவறாமல் முன்னால் வந்து நிற்கும். இரண்டாம் உலகப் போரில், தாங்கள் காவலாகப் பறந்துசென்ற குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட அவர்கள் எதிரி விமானங்களிடம் பறிகொடுக்கவில்லை என்பதுதான் அது. கறுப்பினத்தவரால் விமானம் ஓட்டவே முடியாது என்று சொன்ன ஒரு ராணுவத்துக்கு, அந்த விமானிகள் தந்த பதிலாகப் பல பத்தாண்டுகள் இது சொல்லப்பட்டு வந்தது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க விமானப்படையின் வரலாற்று ஆய்வு மையத்தில் பணிபுரிந்த டேனியல் ஹால்மன், காவல் பறப்புகளின் அறிக்கைகளையும் குண்டுவீச்சுப் பிரிவுகளின் இழப்புப் பதிவுகளையும் நாள்வாரியாக வைத்து ஒப்பிட்டு, அந்தச் செய்தி பிழையானது என்று காட்டினார். பின்னர் அவர் உறுதிசெய்த எண்ணிக்கை 27. வாலில் சிவப்பு பூசிய அவர்களின் செவ்வால் விமானங்களின் காவலில் பறந்த 27 குண்டுவீச்சு விமானங்களை ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தியிருந்தார்கள்.

விமானம் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அடடா, கடைசியில் அதுவும் கட்டுக்கதைதானா?" என்று முகம் வாடிப்போனார். அவரைச் சமாதானப்படுத்தும் விதமாக, அவர்கள் சேர்ந்திருந்த பதினைந்தாம் விமானப்படையின் மற்றக் காவல் பிரிவுகள் சராசரியாகப் பிரிவுக்கு 46 குண்டுவீச்சு விமானங்களை இழந்திருந்தன என்ற கணக்கையும் சொன்னேன். உடனே அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்போ இவர்கள்தான் உசத்தி!" என்றார். முதலில் வந்த வாட்டத்தைவிட, பின்னால் வந்த அந்தத் தெளிவுதான் என்னை அதிகம் உறுத்தியது. ஒருவேளை ஹால்மனின் கணக்கு 27-க்குப் பதிலாக 60 என்று முடிந்திருந்தால், அந்த விமானிகளைத் தனிக் கழிப்பறைக்கும் தனி உணவு மேசைக்கும் அனுப்பியதில் நியாயம் இருந்திருக்குமா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவர்களின் கதையைச் சொல்லத் தொடங்கும் ஒவ்வொருவரும், நான் உட்பட, முதலில் மதிப்பெண் பட்டியலைத்தான் கையில் எடுக்கிறோம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனதில், அது அந்த விமானிகள் பறக்கத் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது தெரிந்தது.

தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு

1925-இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி, கறுப்பின மனிதர்களைப் போரில் எப்படிப் பயன்படுத்துவது என்பது பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பினத்தவரின் மூளை அளவில் சிறியது, அவர்கள் இயல்பிலேயே தலைமை தாங்கத் தகுதியற்றவர்கள், ஆபத்து வேளையில் துணிவில்லாதவர்கள் என்றெல்லாம் அறிவியல் தொனியில் அது எழுதிவைத்தது. அதற்கு முந்தைய பத்தாண்டிலேயே இதற்கு நேர்மாறான சாட்சியங்கள் ராணுவத்தின் கையில் இருந்தன. நியூயார்க்கைச் சேர்ந்த 369-ஆவது காலாட்படைப் பிரிவின் கறுப்பின வீரர்கள், முதல் உலகப் போரில் 191 நாட்கள் போர்முனையில் நின்றிருந்தார்கள். அதுவும் பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ், ஏனென்றால் சொந்த நாட்டுப் படை அவர்களைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு போரிட விரும்பவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த யூஜின் புல்லார்ட் 1917-இல் பிரெஞ்சு விமானப் பிரிவில் போர் விமானியாகவே பறந்தார். அமெரிக்கா போரில் இறங்கியதும், பிரான்சுக்காகப் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானிகள் பலரைத் தன் படைக்கு எடுத்துக்கொண்டது, புல்லார்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே 1925-ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியவர்களுக்குச் சான்று கிடைக்காமல் போயிற்று என்று சொல்ல முடியாது. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற காரணங்களை அடுக்கினார்கள் என்பதே பொருத்தம்.

பின்னாளில் டஸ்கீகி விமானிகளுக்குத் தலைமை தாங்கிய பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியரின் வாழ்க்கையை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அவர் படித்த நான்கு ஆண்டுகளும் சக மாணவர்கள் அலுவல் நிமித்தம் தவிர அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அறையில் தனியாகத் தங்கினார்; உணவு மேசையில் மௌனத்துக்கு நடுவில் சாப்பிட்டார். 1936-இல், 276 பேர் கொண்ட வகுப்பில் 35-ஆவது இடம் பிடித்துத் தேர்ச்சி பெற்றார். இறுதியாண்டிலேயே விமானப் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தார். கறுப்பினத்தவருக்கென்று விமானப் பிரிவு எதுவும் இல்லை, தொடங்கும் எண்ணமும் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இதிலுள்ள தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கத் தோன்றுகிறது. வெள்ளையரோடு சேர்ந்து பறக்கக் கூடாது என்பதால் அவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும். தனிப் பிரிவு இல்லாததால் அவர்கள் பறக்க முடியாது. பறந்த அனுபவம் இல்லாததால் தனிப் பிரிவு தொடங்கத் தேவையில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அந்தச் சுவரில் விரிசல் விழுந்ததற்கு அரசியலும் வழக்குமன்றமும்தான் காரணம். ராணுவம் யாருடைய திறமையையும் கண்டு மனம் மாறிவிடவில்லை. 1940 தேர்தலில் கறுப்பின வாக்குகள் ரூஸ்வெல்ட்டுக்குத் தேவைப்பட்டன. கறுப்பினப் பத்திரிகைகள் விடாமல் எழுதின. ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர் யான்சி வில்லியம்ஸ், விமானப் பயிற்சி மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1941 ஜனவரியில் கறுப்பினத்தவருக்கான முதல் போர் விமானப் பிரிவு, 99-ஆவது பிரிவு, அறிவிக்கப்பட்டது. அலபாமா மாநிலத்தில், புக்கர் டி. வாஷிங்டன் வளர்த்தெடுத்த டஸ்கீகி கல்வி நிறுவனத்தை ஒட்டிப் பயிற்சித் தளம் அமைந்தது. முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 13 பேர். 1942 மார்ச்சில் விமானியாக வெளியே வந்தவர்கள் டேவிஸையும் சேர்த்து 5 பேர். ராணுவ வட்டாரங்களில் இதைச் சோதனை முயற்சி என்றே அழைத்தார்கள். வெள்ளை இளைஞன் ஒருவன் பயிற்சியில் தோற்றால் அவன் தோற்றான் என்பதோடு முடியும். இங்கே ஒருவன் தரையிறங்கும்போது சக்கரத்தை உடைத்தால் ஓர் இனமே தோற்றதாகக் கணக்கு.

போர்முனைக்குப் போன பிறகும் சோதனை முடியவில்லை. 99-ஆவது பிரிவு 1943 ஏப்ரலில் வட ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, ஜூனில் பான்டெல்லேரியா தீவின் மேல் தன் முதல் போர்ப் பறப்புகளை நடத்தியது. ஜூலை 2 அன்று சிசிலியின் வான்வெளியில் சார்லஸ் ஹால் ஒரு ஜெர்மன் ஃபோக்க-வுல்ஃப் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்; அந்தப் பிரிவுக்கு அதுவே முதல் வான் வெற்றி. பொத்திப் பொத்திக் குளிரவைத்திருந்த ஒரு பாட்டில் கோகோ கோலாதான் அவருக்குக் கிடைத்த உடனடிப் பரிசு. அந்த வெக்கையில் அது பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மேலே சென்ற அறிக்கை வேறு விதமாக இருந்தது. 99-ஆவது பிரிவு எந்தக் குழுவோடு இணைக்கப்பட்டிருந்ததோ அதன் தளபதி வில்லியம் மோமையர், இவர்களிடம் தாக்கும் வேகம் போதவில்லை, ஆபத்து வந்தால் அணி கலைந்துவிடுகிறது என்று செப்டம்பரில் எழுதினார். அதை மேலே அனுப்பிய தளபதி ஒருவர், முதல்தரப் போர் விமானிக்கு வேண்டிய உடல் அனிச்சைகள் கறுப்பினத்தவருக்குக் கிடையாது என்ற கருத்தையும் சேர்த்து அனுப்பினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் போர்க் கல்லூரி எழுதிய அதே சங்கதி, இப்போது வானத்திலிருந்து வந்த சாட்சியமாக வேடம் மாற்றியிருந்தது.

அப்போது பெரிய பிரிவு ஒன்றின் பொறுப்பை ஏற்பதற்காக அமெரிக்கா திரும்பியிருந்த டேவிஸ், அக்டோபரில் போர்த் துறைக் குழுவின் முன் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. கோபத்தைக் காட்டினால் அதுவும் இனத்தின் குணமாகிவிடும் என்பதால் அவர் நிதானமாகப் பேசினார். எந்தப் புதிய பிரிவு போர்முனைக்குப் போனாலும் ஏற்கெனவே போர் கண்ட சில விமானிகள் அதை வழிநடத்துவது வழக்கம். இனப்பிரிவினை காரணமாகத் தம் பிரிவில் அப்படி ஒருவர்கூட இல்லை. மாற்று விமானிகள் நேரத்துக்கு வரவில்லை. மற்றப் பிரிவுகளைவிடக் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் அதிகமாகப் பறக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் இருந்த தடுமாற்றத்தை அவர் மறைக்கவில்லை, அதற்கு மருந்து அனுபவம் என்றும் அது வந்துவிட்டது என்றும் சொன்னார். கையைக் கட்டி நீரில் இறக்கிவிட்டு நீச்சல் போட்டியில் ஏன் பின்தங்கினாய் என்று கேட்பதைப் போன்ற விசாரணை அது. பிறகு ராணுவமே நடத்திய ஒப்பீட்டில், அதே வகை விமானம் ஓட்டிய மற்றப் பிரிவுகளுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று தெரியவந்தது. அதற்கு முன்பே, 1944 ஜனவரி 27, 28 ஆகிய இரண்டு நாட்களில் ஆன்சியோ கடற்கரையின் மேல் 99-ஆவது பிரிவு ஏறத்தாழ ஒரு டஜன் ஜெர்மன் விமானங்களை வீழ்த்திவிட்டது. அதன் பின் அந்தப் பிரிவைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு அடங்கிற்று.

ஆன்சியோவைப் படிக்கும் எவருக்கும் உற்சாகம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்த இரண்டு நாட்களில் ஜெர்மன் விமானங்கள் வேறு பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் கூடவே வந்தது. எதிரி எதிரே வருவதும் வராமலிருப்பதும் விமானியின் கையில் இல்லை. தரைத் தாக்குதலுக்கே பெரும்பாலும் அனுப்பப்பட்ட ஒரு பிரிவிடம், எத்தனை விமானங்களைச் சுட்டாய் என்று கேட்டுவிட்டு, அந்தக் கணக்கை வைத்து அதன் உயிரை நீட்டிப்பதா முடிப்பதா என்று முடிவு செய்தார்கள்.

1944 கோடையில், டேவிஸ் பொறுப்பேற்ற அந்தப் பெரிய பிரிவான 332-ஆவது போர் விமானக் குழு இத்தாலியின் ராமிட்டெல்லி தளத்திலிருந்து குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறக்கத் தொடங்கியது. விமானங்களின் வால்களில் சிவப்பு வண்ணம் பூசினார்கள். எதிரி விமானத்தைத் துரத்திக்கொண்டு போய்ப் பெயர் வாங்கும் ஆசையை விட்டுவிட்டுக் குண்டுவீச்சு விமானங்களின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் டேவிஸ் கண்டிப்பாக இருந்தார். பதினைந்தாம் விமானப்படைக்காக அவர்கள் மொத்தம் 179 காவல் பறப்புகளை மேற்கொண்டார்கள். இழந்த 27 விமானங்களில் 15, மெம்மிங்கன் தளத்தைத் தாக்கப்போன ஒரே நாளில், 1944 ஜூலை 18 அன்று வீழ்ந்தவை. அந்த நாளை எந்த மதிப்பெண் பட்டியலில் வைப்பது என்று தெரியவில்லை. ஏனென்றால் அதே நாளில் அந்தக் குழு பல ஜெர்மன் விமானங்களையும் வீழ்த்தியிருக்கிறது. இன்னொன்று: 200 பறப்புகளில் இவர்கள் எதையும் இழக்கவில்லை என்ற செய்தியைக் கறுப்பினப் பத்திரிகையான சிகாகோ டிஃபெண்டர் 1945 மார்ச் 24 அன்று வெளியிட்டது. அன்றுதான் இந்தக் குழு பெர்லின் வரை பறந்து, ராஸ்கோ பிரவுன், ஏர்ல் லேன், சார்லஸ் பிராண்ட்லி ஆகிய மூவரும் ஆளுக்கொரு ஜெர்மன் ஜெட் விமானத்தை வீழ்த்தினார்கள். அன்றே அவர்கள் காவலில் சென்ற சில குண்டுவீச்சு விமானங்களும் வீழ்ந்தன. பத்திரிகையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ளாத நாட்டில் அந்தப் பத்திரிகை பூஜ்ஜியத்தை அச்சிட்டது.

இரண்டு கிளப்புகள்

இந்த மதிப்பெண் விளையாட்டிலிருந்து முற்றிலும் விலகி நிற்கும் ஒரு நிகழ்வு உண்டு. அதில் விமானம் எதுவும் வீழவில்லை. இறுதிவரை போருக்கே போகாத ஒரு பிரிவுதான் அதன் களம். டஸ்கீகி விமானிகளைப் பற்றிப் பேசும் பெரும்பாலானோர் அதைக் கடைசியில் ஒரு பத்தியாகச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். எனக்கோ மொத்தக் கதையும் அங்கேதான் திரும்புவதாகப் படுகிறது.

477-ஆவது குண்டுவீச்சுக் குழுவை 1944 ஜனவரியில் டெட்ராய்ட் அருகே உள்ள செல்ஃப்ரிட்ஜ் தளத்தில் தொடங்கினார்கள். விமானிகளும் வழிகாட்டிகளும் குண்டு எறிபவர்களும் கறுப்பினத்தவர். அவர்களுக்கு மேலிருந்த தளபதி ராபர்ட் செல்வேயும் பயிற்றுநர்களும் வெள்ளையர். செல்ஃப்ரிட்ஜிலேயே அதிகாரிகள் கிளப்பில் கறுப்பின அதிகாரிகளை அனுமதிக்காததால் பிரச்சினை எழுந்து, தளத்தின் தலைவருக்குக் கண்டனக் கடிதம் போனது. பிரச்சினைக்குத் தீர்வாகக் குழுவையே கென்டக்கி மாநிலத்தின் காட்மன் தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஓடுபாதை போதவில்லை. 1945 மார்ச்சில் இண்டியானா மாநிலத்தின் சீமோர் ஊரில் இருந்த ஃப்ரீமன் தளத்துக்கு வந்தார்கள்.

ராணுவத்தின் சொந்த விதி 210-10 தெளிவாக இருந்தது. ஒரு தளத்தில் உள்ள அதிகாரிகள் கிளப் அங்கே பணியாற்றும் எல்லா அதிகாரிகளுக்கும் பொது. அந்த விதியை மீறாமல் மீற செல்வே ஒரு வழி கண்டுபிடித்தார். தளத்தில் இரண்டு கிளப்புகள் இருக்கும். ஒன்று பயிற்சி பெறுவோருக்கு, மற்றது பயிற்றுநர்களுக்கும் நிர்வாகத்துக்கும். நிறத்தைப் பற்றி உத்தரவில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் கறுப்பின அதிகாரிகள் அனைவரும் பயிற்சி பெறுவோர் பட்டியலிலும் வெள்ளை அதிகாரிகள் அனைவரும் மற்றப் பட்டியலிலும் இருந்தார்கள். இத்தாலியில் போரிட்டுத் திரும்பிய கறுப்பின விமானியும், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கறுப்பின மருத்துவரும் பயிற்சி பெறுவோரே. ஆன்சியோவும் காவல் பறப்புகளும் முடிந்து, சான்றுகள் எல்லாம் மேசை நிறையக் குவிந்த பிறகும் நிலைமை இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தாலியில் சம்பாதித்த மதிப்பெண்ணை இண்டியானாவில் எந்தக் கவுண்டரிலும் மாற்ற முடியவில்லை.

இதே காலத்தில் ராணுவ வார இதழான யாங்க்கில் வெளியான ஒரு கடிதத்தையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். ரூபர்ட் டிரிம்மிங்கம் என்ற கறுப்பினக் கார்ப்பரல் 1944-இல் அதை எழுதினார். அவரும் வேறு எட்டுக் கறுப்பின வீரர்களும் லூசியானா வழியாக ரயில் மாறிப் பயணம் செய்தபோது, ஊரில் எங்குமே அவர்களுக்கு உணவு கிடைக்கவில்லை. ரயில் நிலைய உணவகத்தில்கூடப் பின்பக்கச் சமையலறைக்குப் போய்த்தான் சாப்பிட முடிந்தது. அதே நிலையத்துக்கு இரண்டு காவலர்களோடு வந்த ஏறத்தாழ இருபத்தைந்து ஜெர்மன் போர்க்கைதிகள் உணவகத்தின் முன்பக்கமாக நுழைந்து, மேசையில் உட்கார்ந்து, பரிமாறப்பட்ட உணவைச் சாப்பிட்டு, புகைபிடித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் கைதி அந்த நாட்டுக்காக எதையும் நிரூபித்துக் காட்டவில்லை. அந்த நாட்டுக்கு எதிராகத் துப்பாக்கி பிடித்து, தோற்று, பிடிபட்டு வந்தவன் அவன். நாற்காலி அவனுக்குத் தானாகவே கிடைத்தது.

ஃப்ரீமன் தளத்தில் ஏப்ரல் 5 இரவு கறுப்பின அதிகாரிகள் சிறுசிறு குழுக்களாகப் பயிற்றுநர் கிளப்புக்குப் போனார்கள். திட்டம் வகுத்தவர்களில் கோல்மன் யங் ஒருவர். பின்னாளில் இருபது ஆண்டுகள் டெட்ராய்ட் மேயராக இருந்தவர். கூச்சலில்லை, கைகலப்பில்லை. சீருடையில் போய் உள்ளே நுழைவது, கைது என்று சொன்னதும் அமைதியாக அறைக்குத் திரும்புவது, அடுத்த குழு கிளம்புவது. அந்த இரவிலும் மறுநாளிலுமாக 61 பேர் கைதானார்கள். பெரும்பாலானோரை விடுவித்துவிட்டு, வாசலில் நின்ற அதிகாரியைத் தள்ளிவிட்டு நுழைந்ததாக மார்ஸ்டன் தாம்ப்சன், ஷெர்லி கிளின்டன், ரோஜர் டெர்ரி ஆகிய மூவரை மட்டும் பிடித்து வைத்தார்கள்.

அதன் பிறகு செல்வே செய்ததுதான் எல்லாவற்றையும் வேறு தளத்துக்குக் கொண்டுபோயிற்று. ஏப்ரல் 9 அன்று 85-2 என்ற எண்ணிட்ட புதிய உத்தரவு வெளியானது. யார் யார் எந்தக் கட்டடத்துக்குள் போகலாம் என்று அது வரையறுத்தது. உத்தரவைப் படித்தேன், முழுமையாகப் புரிந்துகொண்டேன் என்று ஒவ்வோர் அதிகாரியும் கையெழுத்திட வேண்டும். பலர் மறுத்ததும், ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து ஒரு சிறு குழுவின் முன் நிறுத்தினார்கள். விரும்பினால் வாசகத்தைத் தன் சொற்களில் மாற்றி எழுதிக் கையெழுத்திடலாம் என்று சலுகையும் தந்தார்கள். அதற்கும் இணங்காதவர்களுக்குப் போர்ச் சட்டத்தின் 64-ஆவது பிரிவைப் படித்துக் காட்டினார்கள். மேலதிகாரியின் உத்தரவை வேண்டுமென்றே மீறுவது பற்றிய பிரிவு அது. போர்க்காலத்தில் அதற்கு மரண தண்டனை வரை விதிக்கலாம்.

அந்த அறையை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்க்கிறேன். கிளப்புக்குப் போகும்போது நாலு பேர் சேர்ந்து போகலாம். இங்கே தனியாக நிற்க வேண்டும். மேசையின் மேல் ஒரு தாள், பக்கத்தில் பேனா. நிற்பவனுக்கு வயது இருபது, இருபத்திரண்டு. ஆயிரக்கணக்கானோர் கனவு கண்டு கிடைக்காமல் போன விமானச் சின்னம் அவன் நெஞ்சில் இருக்கிறது; கையெழுத்துப் போட்டால் அது அங்கேயே இருக்கும். நாளைக்குப் போருக்குப் போய்த் தன் திறமையைக் காட்டலாம், எண்ணிக்கையைக் கூட்டலாம், தன் இனத்துக்குப் பெருமை தேடித் தரலாம் என்று அவனிடம் யாரும் நயமாகச் சொல்லியிருக்கலாம். அவனே தனக்குச் சொல்லிக்கொண்டும் இருக்கலாம். பெரும்பாலானோர் கையெழுத்திட்டார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களைக் கோழைகள் என்று சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் 101 அதிகாரிகள், ஒருவர் பின் ஒருவராக, நேரடி உத்தரவுக்குப் பிறகும் பேனாவைத் தொடவில்லை.

இதில் என்னை ஆட்கொள்வது அவர்களின் துணிச்சல் மட்டுமில்லை. டஸ்கீகி தொடங்கிய நாளிலிருந்து கறுப்பின விமானிக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: முதலில் நிரூபி, பிறகு பார்க்கலாம். டேவிஸ் அந்தப் பாதையில் நடந்தார், அசாத்தியமான கட்டுப்பாட்டோடு நடந்தார், அதன் பலனையும் ஓரளவு பெற்றார். அந்த 101 பேர் முதல்முறையாக அந்த நிபந்தனையையே மேசையில் திருப்பி வைத்தார்கள். தாங்கள் சிறந்த விமானிகள் என்று அவர்கள் வாதாடவில்லை. தாங்கள் அதிகாரிகள், விதி 210-10 அதிகாரிகளைப் பற்றியது, அவ்வளவுதான். அவர்களில் சுமாரான விமானிகளும் இருந்திருப்பார்கள். குண்டை இலக்கு தவறி எறிந்தவர்களும் இருந்திருப்பார்கள். கிளப்பின் கதவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஏப்ரல் 13 அன்று, ரூஸ்வெல்ட் இறந்த மறுநாள், 101 பேரையும் விமானங்களில் ஏற்றிக் காட்மன் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் விமானத்தில் ஏறக் காத்திருந்த காட்சியைக் கறுப்பின வீரர் ஒருவர் காலணிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்த கேமராவால் படம் பிடித்தார். செய்தி கறுப்பினப் பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் எட்டியது. மாதம் முடிவதற்குள் தலைமைத் தளபதி மார்ஷலின் ஒப்புதலோடு அவர்களை விடுவித்தார்கள். ஆனால் ஒவ்வொருவரின் பணிப்பதிவேட்டிலும் கண்டனக் கடிதம் ஏறியது. செல்வேயை நீக்கிவிட்டுக் குழுவின் தலைமையை டேவிஸிடம் கொடுத்தார்கள். பிடித்து வைத்த மூவரை ஜூலையில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். தாம்ப்சனும் கிளின்டனும் விடுதலையானார்கள். டெர்ரிக்கு, உத்தரவை மீறிய குற்றச்சாட்டு நிற்கவில்லை என்றாலும், அதிகாரியைத் தள்ளிய குற்றத்துக்காக 150 டாலர் அபராதம் விதித்தார்கள்.

அதற்குப் பின்

போர் முடிந்த பிறகு நடந்தவை மதிப்பெண்ணில் நம்பிக்கை வைத்தவர்களுக்கு ஆறுதல் தரக்கூடியவை அல்ல. 1946 பிப்ரவரி 12 அன்று, ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டுச் சீருடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஐசக் வுட்டர்டைத் தென் கரோலினாவில் காவல்துறையினர் பேருந்திலிருந்து இறக்கி அடித்ததில் அவருக்கு இரண்டு கண்களும் போயின. அடித்த காவல் தலைவரை வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுவித்தது. அதிபர் ட்ரூமனை உலுக்கிய நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று; 1948 ஜூலை 26 அன்று, படைகளில் இனப்பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணை 9981-இல் அவர் கையெழுத்திட்டார். புதிதாகத் தனிப்படையாகியிருந்த விமானப்படை அதை மற்றப் படைகளைவிட விரைவாக நடைமுறைப்படுத்தியது. அதற்கும் முதன்மையான காரணம் ஒரு கணக்குத்தான். எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்திருப்பதில் ஆளும் பணமும் வீணாகின்றன என்று அதன் அதிகாரிகளே கண்டுகொண்டார்கள்.

பிரிவினை முடியும் தறுவாயில், 1949 மே மாதம், விமானப்படை நடத்திய முதல் சுடுதிறன் போட்டியில் உந்துவிசிறி விமானப் பிரிவில் 332-ஆவது குழு முதலிடம் பிடித்தது. வெற்றிக் கோப்பை பல ஆண்டுகள் கண்ணில் படாமல் போய், பிறகு விமானப்படை அருங்காட்சியகத்தின் கிடங்கில் கிடைத்தது. போட்டி முடிவுகளைத் தாங்கிய வெளியீட்டில் அந்த ஆண்டின் வெற்றியாளர் யார் என்று தெரியவில்லை என்றே நெடுங்காலம் அச்சாகி வந்தது. இரண்டாம் உலகப் போரில் நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் நானூறுக்கும் மேற்பட்டோருக்குக் கிடைத்தபோது அதில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. 1997-இல் ஏழு பேருக்கு அதை வழங்கினார்கள். வாங்கிக்கொள்ள வெர்னன் பேக்கர் ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார். அளவுகோல் எவன் கையில் இருக்கிறதோ அவன் அளக்க மறந்துவிட்டால், நிரூபித்தவன் என்ன செய்ய முடியும்?

ஹால்மனின் ஆய்வு வெளியானபோது சில முன்னாள் விமானிகளுக்கு வருத்தம் இருந்தது. அதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அறுபது ஆண்டுகள் கழித்தும் ஒருவர் வந்து தங்கள் கணக்கைச் சரிபார்ப்பது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் ஹால்மன் செய்தது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். 27 என்ற எண்ணோடு பார்க்கும்போது அவர்கள் முதல்முறையாகச் சாதாரண மனிதர்களாகத் தெரிகிறார்கள்: நல்ல நாளும் கெட்ட நாளும் கண்ட, மெம்மிங்கன் வானத்தில் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாமல் போன, மறுநாள் மறுபடி ஏறிப் பறந்த மனிதர்கள். எந்த வெள்ளை விமானிக் குழுவிடமும் பூஜ்ஜியத்தை யாரும் கேட்கவில்லை. அந்தக் குழுக்களின் கதைகளில் இழந்த விமானங்கள் துயரமாக மட்டும் இடம்பெறுகின்றன. தகுதியைக் குறைக்கும் சான்றாக யாரும் அவற்றை எண்ணுவதில்லை.

ஃப்ரீமன் தளத்து அதிகாரிகளின் பதிவேடுகளை விமானப்படை மறுபடி திறந்தது 1995 ஆகஸ்ட் மாதத்தில். அட்லாண்டாவில் நடந்த டஸ்கீகி விமானிகளின் மாநாட்டில் விமானப்படை உதவிச் செயலர் ரோட்னி கோல்மன் முடிவை அறிவித்தார். டெர்ரியின் தண்டனை ரத்தாயிற்று. 150 டாலரும் திரும்பி வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 104 பேரில் 15 பேரின் பதிவேட்டிலிருந்து கண்டனக் கடிதத்தை நீக்கினார்கள், ஏனென்றால் கேட்டு எழுதியிருந்தவர்கள் அந்த 15 பேர்தான். மற்றவர்களுடையதும் நீக்கப்படும் என்று விமானப்படை உறுதியளித்தது. அதற்கு அவரவர் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.